கிரேஸுக்கு ஒரு காலி டிஸ்க்

திருவள்ளூரில் இருக்கும் மாவட்ட எண்ணியல் தடய ஆய்வு மையத்தின் மீது இதுவரை யாரும் எந்தக் குறையும் சொன்னதில்லை. குறை சொல்ல விரும்புகிறவர்களுக்காகவே ஒரு பெட்டி வாங்கியிருக்கிறார்கள். நல்ல தேக்குப் பெட்டி. வெளியே வைத்தால் வெயிலில் வெளுத்துவிடும் என்று இயக்குநர் அறைக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். ஆகவே அங்கே குறை என்பதே கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததைப் படித்துவிட்டு யாரும் மையத்தைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில். பென்னி அங்கே கிரேன் ஓட்டுபவன். ஒரு நாள் மதியம், பிரேக் வழுக்குகிறது, இதில் லோடு தூக்க மாட்டேன் என்று ஷிப்ட் மேனேஜரிடம் சொன்னான். மேனேஜருக்குக் கோபம் வந்துவிட்டது. பென்னியின் கையிலிருந்த ரிமோட்டைப் பிடுங்கி, எப்படித் தூக்க வேண்டும் என்று தானே தூக்கிக் காட்டினார். தூக்கியதில் ஒரு தப்பும் இல்லை. பிரேக் பிடிக்காமல் லோடு இறங்கிய இடத்தில், ஒடிசாவிலிருந்து வந்து வேலை பார்த்த ஒருவன் நின்றிருந்தான். அவன் அங்கேயே செத்துப்போனான்.

சாயங்காலம் கம்பெனி எழுதிக் கொடுத்த புகாரில் ரிமோட் பென்னியின் கைக்குத் திரும்பி வந்திருந்தது. செத்தவனுக்கும் அவனுக்கும் கேன்டீனில் தகராறு, அந்த ஆத்திரத்தில் வேண்டுமென்றே இறக்கிவிட்டான் என்று கொலை வழக்கு. நேரில் பார்த்தவர்கள் எல்லாரும் காண்ட்ராக்ட் ஆட்கள். அன்றைக்கு அவர்கள் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் கண் மங்கிவிட்டது. நடந்ததை ஒழுங்காகப் பார்த்தது தூணில் மாட்டியிருந்த கேமரா மட்டும்தான். அதற்கு மறுநாள் வேலை போய்விடும் என்ற பயம் இல்லை.

கேமராப் பெட்டியிலிருந்த டிஸ்கைப் போலீஸ் கழற்றி மையத்துக்கு அனுப்பியது. பென்னியைப் புழல் சிறைக்கு அனுப்பியது. டிஸ்கில் என்ன இருக்கிறது என்று அறிக்கை வரட்டும், ஜாமீனைப் பிறகு பார்க்கலாம் என்றது நீதிமன்றம். பென்னியின் மனைவி கிரேஸ் சிப்காட்டிலேயே ஒரு ஒயர் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்ப்பவள். அறிக்கை ஏன் வரவில்லை என்று கேட்பதற்காகச் சம்பளத்தை விட்டு, கவரைப்பேட்டையில் பஸ் மாறி, பெரியபாளையம் வழியாகத் திருவள்ளூர் போனாள்.

ஆய்வாளர் பரணிதரன் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். வழக்கு டிஸ்கைக் காட்டக்கூடச் செய்தார். பிளாஸ்டிக் கவருக்குள் இருந்தது. கவரின் மேல் வழக்கு எண் எழுதிய காகிதம் மைதாப் பசையால் ஒட்டியிருந்தது. டிஸ்கின் ஓரத்தில் மஞ்சள் பெயிண்ட் ஒரு தீற்று. மில்லில் தங்கள் பொருள் எல்லாவற்றிலும் அந்த மஞ்சளை அடித்து வைப்பார்கள். பென்னியின் சட்டையோடு வீட்டுக்கு வந்து, எத்தனை துவைத்தாலும் போகாத மஞ்சள். கிரேஸ் கவரின் மேலேயே அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"இத்த போட்டுப் பாத்தா தெரிஞ்சிடும்ல சார்?"

"நேரா போட்டுப் பாக்கக் கூடாதும்மா. தொறந்தாலே உள்ள எதாச்சும் மாறிடும், கோர்ட்டுல ஏத்துக்க மாட்டாங்க. மொதல்ல அப்படியே ஒரு காலி டிஸ்க்ல காப்பி எடுக்கணும். அப்புறம் காப்பியத்தான் பாக்கணும்."

"அதுக்கு எவ்ளோ நேரம் ஆவும்?"

"அரை நாள் போதும்."

"அப்ப நான் இங்கியே குந்திக்கிறேன் சார். எடுத்துடுங்க."

பரணிதரன் ஜன்னல் பக்கம் பார்த்தார். "காலி டிஸ்க் இல்லம்மா. இருந்ததெல்லாம் போன வருஷமே ரொம்பிடுச்சு."

ஒன்று வாங்கிக்கொள்ளக் கூடாதா என்று கிரேஸ் கேட்டாள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் அதிகாரம் தனக்கு இல்லை என்பதால் அவர் அவளை இயக்குநர் முனைவர் ஆதிநாராயணனிடம் அழைத்துப் போனார்.

முனைவர் கேள்வியை ரசித்தார். அவரிடம் இவ்வளவு அடிப்படையான கேள்வியை யாரும் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

"அம்மா, ஒரு டிஸ்க் வாங்கினால் அது செலவு. ஐந்நூறு டிஸ்க் வாங்கினால் அது கொள்முதல். செலவு செய்ய எனக்கு அதிகாரம் இல்லை. கொள்முதல் செய்ய இருக்கிறது. ஒரே ஒரு டிஸ்க் வாங்கும் இயக்குநரை நாளைக்குத் தணிக்கையில் கேட்பார்கள், ஏன் ஒன்று, யாருக்காக ஒன்று என்று. ஐந்நூறு வாங்கினால் ஏன் ஐந்நூறு என்று யாரும் கேட்பதில்லை. அரசாங்கத்துக்கு மொத்தமாகத்தான் தேவை வரும். உங்களுக்குத்தான் சில்லறையாக வருகிறது."

டெண்டர் விட்டார்கள். ஒரே ஒருவர்தான் வந்தார், போட்டி இல்லை என்று ரத்து செய்தார்கள். மறுபடி விட்டார்கள். நிறையப் பேர் வந்தார்கள், இவ்வளவு பேர் வருவது சந்தேகத்துக்குரியது என்று ஒரு குழு அமைத்தார்கள். குழு யோசித்து முடிப்பதற்குள் உலகச் சந்தையில் டிஸ்க் விலை ஏறிவிட்டது. மூன்றாம் முறை விட்டபோது, அதுவரை அலுவலகங்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி கொடுத்துக்கொண்டிருந்த ஒருவருக்குக் கிடைத்தது. அவர் குறித்த தேதியில் நாற்காலிகளை இறக்கிவிட்டுப் போய்விட்டார். வழக்கம்தான் காரணம், கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. திருப்பி அனுப்ப ஒரு கடிதப் போக்குவரத்து நடந்தது. நாற்காலிகள் இன்றைக்கும் மையத்தின் மாடியில் இருக்கின்றன.

இதற்குள் மழைக்காலம் வந்து போய்விட்டது. கிரேஸ் புழலுக்குப் போகும்போதெல்லாம் கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து பென்னி ஒன்றைத்தான் கேட்பான்.

"டிஸ்கு இன்னாச்சு?"

"டெண்டருல கீதாம்."

அவன் இளைத்துக்கொண்டே வந்தான். அவனோடு அறையில் இருந்தவர்களுக்குக்கூடக் கொள்முதல் விவகாரம் அத்துப்படியாகிவிட்டது. சங்கிலி அறுத்த வழக்கில் உள்ளே இருந்த ஒருவன், மறுடெண்டர் என்றால் இழுக்கும் என்று தேர்ந்த அதிகாரி மாதிரி சொன்னானாம். பென்னி அதைச் சிரித்துக்கொண்டே சொன்னான். அந்தச் சிரிப்பைக் கிரேஸால் பார்க்க முடியவில்லை.

அவள் ஒரு காரியம் செய்தாள். வாரச் சம்பளம் வந்த கையோடு சென்னையில் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போய்த் தானே ஒரு டிஸ்க் வாங்கினாள். சீல் பிரிக்காமல், பில்லோடு, முந்தானையில் சுற்றிக்கொண்டு திருவள்ளூர் போய் முனைவரின் மேஜையில் வைத்தாள்.

முனைவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"இது லஞ்சம்."

"காலி டிஸ்கு சார் இது. இதுல ஒண்ணுமே இல்ல."

"ஒன்றுமில்லாததைக் கொடுத்தாலும் லஞ்சம்தான். அதோடு, காலி என்று நீங்கள் சொல்கிறீர்கள். இது தனியார் காலி. அரசாங்கக் காலிக்கு ஒரு நடைமுறை இருக்கிறது. எங்கள் குழு சோதித்துச் சான்று கொடுத்தால்தான் அது காலி. அதுவரைக்கும் அதில் என்ன வேண்டுமானாலும் இருக்கலாம்."

"ரொம்ப நாளா உள்ளியே கீறாரு சார். பண்ணாத தப்புக்கு. எனுக்கு யாரையும் தெரியாது. உங்களத்தான் நம்பிக்கினு கீறேன்."

"நம்பிக்கைக்கு நன்றி," என்றார் முனைவர். மனப்பூர்வமாகத்தான் சொன்னார். டிஸ்கை அவள் திருப்பி எடுத்துப்போவதை வாசல்வரை ஓர் ஆள் வந்து உறுதிசெய்துகொண்டார்.

ஒரு வழியாக ஐந்நூறு டிஸ்குகளும் ஆயுத பூஜைக்கு முதல் நாள் வந்து இறங்கின. பண்டகக் காப்பாளர் தணிகாசலம் ஆளுயரத்துக்கு அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை படைத்துச் சூடம் காட்டினார். ஒயர் சொருகும் இடத்தில் குங்குமம் போன டிஸ்குகளை மட்டும் தனியே எடுத்துவைத்தார்கள். மற்றவற்றில் வெள்ளைப் பெயிண்டில் மைய எண் எழுதினார்கள். விலை உயர்ந்த அரசுச் சொத்து வெளியில் கிடக்கக் கூடாது என்று பூட்டுள்ள பீரோவில் வைத்தார்கள். பீரோவில் இடம் வேண்டியிருந்ததால், அதுவரை அங்கே இருந்த வழக்குச் சொத்துகள் வராந்தா அலமாரிக்கு வந்தன. மஞ்சள் தீற்று டிஸ்கும் வந்தது.

அன்று முனைவர் ஓர் உரை ஆற்றினார். காலியாக இருப்பதன் பெருமை பற்றி அரை மணிக்கு மேல் பேசினார். "காலியாக இருப்பதே நேர்மை. உள்ளே ஏதாவது இருந்தால்தான் சந்தேகம் வரும். இந்த மையத்தின் ஒவ்வோர் அறையும், ஒவ்வோர் அலமாரியும், ஏன், ஒவ்வோர் அதிகாரியும் இந்த டிஸ்கைப் போல் இருக்க வேண்டும் என்பதே என் கனவு," என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். கனவு ஏறக்குறைய நிறைவேறிவிட்டது என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

மறுவாரம் கிரேஸ் ஓடி வந்தாள். "டிஸ்கு வந்திடுச்சாமே சார்."

"வந்தாச்சும்மா," என்ற பரணிதரன் முகத்தில் களையே இல்லை. "ஏற்புச் சோதனை நடக்குது."

ஏற்புச் சோதனை என்பது இது. டிஸ்கில் சொன்ன அளவு இடம் இருக்கிறதா என்று விற்றவர் வார்த்தையை நம்பி ஏற்கக் கூடாது. முழுக்க நிரப்பிப் பார்க்க வேண்டும். எதை வைத்து நிரப்புவது என்று குழு கூடியபோது, தணிகாசலம்தான் முனைவரின் ஆயுத பூஜை உரையைச் சொன்னார். யாரால் மறுக்க முடியும்? ஒவ்வொரு டிஸ்கிலும் அந்த உரையைத் திரும்பத் திரும்பப் பதிந்து, விளிம்புவரை நிரப்பினார்கள். குங்குமம் போன டிஸ்குகளைக்கூடத் துடைத்து, எண் எழுதி, நிரப்பினார்கள். சோதனை முழு வெற்றி. எல்லா டிஸ்கிலும் சொன்ன அளவு இடம் இருந்தது, இப்போது இல்லை.

"அழிச்சிட்டா திருப்பிக் காலியாயிடும்ல சார்?" என்றாள் கிரேஸ். அவளுக்கு இப்போது இதெல்லாம் தெரிந்திருந்தது.

"அழிக்கலாம். ஆனா இயக்குநரோட உரை அரசு ஆவணம். மேலிடத்து அனுமதி இல்லாம ஆவணத்த அழிச்சா எங்களயே உள்ள வெச்சிடுவாங்க. சென்னைக்கு எழுதியிருக்கோம்."

சென்னையிலிருந்து பதில் வர வெகுநாள் ஆகவில்லை, சீக்கிரமே வந்தது. அழிக்க வேண்டிய உரை எது என்று பரிசீலிக்க வேண்டியிருப்பதால், அதன் பிரதியை ஒரு காலி டிஸ்கில் பதிந்து அனுப்பவும் என்று எழுதியிருந்தார்கள்.

பரணிதரன் அந்தக் கடிதத்தைக் கிரேஸுக்குப் படித்துக் காட்டினார். பிறகு அவள், "சார், நீங்களும் பேஜாராத்தான் கீறீங்க," என்றாள். அந்த ஆபீசில் அவரைப் பற்றி அக்கறையோடு யாராவது சொன்ன ஒரே வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். அடுத்த வாரம் சான்றுப் பொருள்களைப் பாதுகாப்பது எப்படி என்ற பயிற்சிக்கு அவரை ஐதராபாத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

கிரேஸ் வக்கீலைப் பிடித்துக் கெஞ்சி, வக்கீல் நீதிமன்றத்தில் எழுந்து நின்று கேட்டு, கடைசியில் நீதிபதி பொறுமை இழந்தார். அடுத்த வாய்தாவுக்குள் அறிக்கை வர வேண்டும், வராவிட்டால் இயக்குநர் நேரில் வந்து கூண்டில் ஏற வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

முனைவர் அன்று முழுவதும் சாப்பிடவில்லை. தணிகாசலத்தைக் கூப்பிட்டு, "எப்படியாவது, எங்கேயிருந்தாவது, விதிக்கு உட்பட்டு ஒரே ஒரு காலி டிஸ்க்," என்றார். குரல் உடைந்திருந்தது. அந்த மேஜையின் இந்தப் பக்கத்தில் நின்று கிரேஸ் எத்தனையோ முறை இதே குரலில் கேட்டிருக்கிறாள்.

வாய்தாவுக்கு முதல் நாள் கிரேஸுக்குப் போன் வந்தது. உடனே புறப்பட்டு வாருங்கள், உங்கள் வழக்குக்கு டிஸ்க் கிடைத்துவிட்டது என்றார்கள். பேக்கிங் லைனில் வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பெண்ணிடம், "எங்க ஊட்டுக்காரரு வந்துடுவாரு," என்று சொன்னாள்.

கூட்ட அரங்கில் மாடியிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். அவளை முன் வரிசையில் உட்காரவைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். பரணிதரனும் அன்று காலைதான் ஐதராபாத்திலிருந்து திரும்பியிருந்தார். முனைவர் சுருக்கமாகப் பேசினார், அதாவது அவருக்குச் சுருக்கமாக.

"ஒரு சாதாரணப் பெண்ணின் கோரிக்கையை இந்த மையம் மறக்கவில்லை. ஐந்நூறு டிஸ்குகளால் முடியாததை ஒரு டிஸ்க் இன்று செய்யப்போகிறது. இதோ, முறைப்படி ஏழு முறை அழித்துத் தூய்மைப்படுத்திய டிஸ்க். இந்த மாவட்டத்திலேயே இதைவிடக் காலியான பொருள் இல்லை."

தணிகாசலம் அதை ஒரு தாம்பாளத்தில், வெற்றிலைபாக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தார்.

"பரணிதரன், வழக்கின் அசல் டிஸ்கைக் கொண்டுவாருங்கள். இந்த அம்மாவின் கண் முன்னாலேயே பிரதி எடுப்போம்," என்றார் முனைவர்.

பரணிதரன் வராந்தாவுக்குப் போனார். கிரேஸ் தாம்பாளத்தைப் பார்த்தாள். டிஸ்கைத் தின்னர் போட்டுத் தேய்த்திருந்தார்கள். அப்படியும் ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள் மிச்சம் இருந்தது. அது எத்தனை துவைத்தாலும் போகாது என்று அவளுக்குத் தெரியும்.

"இது எங்க மில்லு டிஸ்கு," என்றாள்.

"இல்லம்மா, காலி டிஸ்கு," என்றார் தணிகாசலம்.

"எங்க மில்லு டிஸ்கு சார் இது. இதுலதான சார் அந்த மேனேஜரு கீறான்."

பரணிதரன் வெறுங்கையோடு வாசலில் வந்து நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் அரங்கில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது, தணிகாசலத்தைத் தவிர.

"நம்பர் போடாத டிஸ்கு சார்," என்று தணிகாசலம் முனைவரிடம் விளக்கினார். "நம்பர் போட்டதுல எல்லாம் அய்யா பேச்சு கீது, அத்த தொட்டா வேல பூடும். இது வராந்தாவுல தனியா கெடந்திச்சி. கவர எலி கடிச்சிருச்சி சார், மைதா ஒட்டுன காயிதமாச்சே, வுடுமா? நம்பரு இல்லன்னா நம்ம ஆவணம் இல்ல, அழிக்கப் பர்மிசன் வேணாம். ரூலு அப்பிடித்தான சார்?"

"உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்த்திருக்கலாமே," என்றார் முனைவர், மெதுவாக.

தணிகாசலம் புண்பட்டுப்போனார். "காப்பி எடுக்காம டிஸ்க தொறந்து பாக்கக் கூடாதே சார். நம்ம சுவத்துலயே எழுதி வெச்சிக்கினு கீறோம்."

எல்லாரும் சுவரைப் பார்த்தார்கள். எழுதியிருந்தது.

முனைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். அவர் முகத்தில் மெல்ல மெல்ல நிம்மதி வந்தது. "ஆக, விதி எதுவும் மீறப்படவில்லை. அம்மா, நீங்கள் பதற்றப்பட வேண்டாம். நாளைக்கே அறிக்கை கொடுத்துவிடுகிறோம். டிஸ்கை ஆராய்ந்ததில் பதிவு எதுவும் இல்லை என்று. உங்கள் கணவர் லோடை இறக்கியதற்கு அதில் ஆதாரமே இருக்காது."

"மேனேஜரு எறக்குனதுக்கும் இருக்காதே சார்."

"அதற்குப் பெயர்தான் அம்மா நடுநிலை."

கிரேஸுக்கு அழுகை வரவில்லை. தாம்பாளத்திலிருந்து டிஸ்கை எடுத்துக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். கனம் குறையவில்லை, முன்பு எப்படி இருந்திருக்குமோ அப்படித்தான் இருந்தது. அது அலுவலகச் சொத்து என்று தணிகாசலம் நினைவூட்டியதும் திருப்பி வைத்தாள். பரணிதரன் அவள் பின்னாலேயே வெளி கேட் வரைக்கும் வந்தார். உள்ளே, இந்த நிகழ்ச்சியின் புகைப்படங்களைப் பதிந்துவைக்க முனைவர் இடம் தேடிக்கொண்டிருந்தார். தாம்பாளத்தில் ஒரு டிஸ்க் காலியாக இருப்பதாகத் தணிகாசலம் சொன்னார்.

பஸ் ஸ்டாண்டில் நின்றபோதுதான் பொன்னாடை இன்னும் தோளிலேயே இருப்பதை அவள் கவனித்தாள். அதைக் கழற்றுவதற்குள் போன் அடித்தது. புழலிலிருந்து பென்னி. சிறையில் போன் பேசக் கொடுக்கும் நேரம் கொஞ்சம்தான், அவன் எப்போதும் நேராக விஷயத்துக்கு வந்துவிடுவான்.

"கிரேஸு, இன்னாச்சு? டிஸ்கு கெடச்சிச்சா?"

அவள் பொன்னாடையை ஒரு கையால் இழுத்துக் கழற்றினாள்.

"கிரேஸு?"

"கெடச்சிச்சி."

"காலி டிஸ்கா? நெசமாவா?"

"சுத்தமா காலி," என்றாள்.

"அப்பாடா," என்றான் பென்னி. இவ்வளவு நாளில் முதல்முறையாக அவன் குரல் பழையபடி இருந்தது. போனை வாயிலிருந்து நகர்த்தி, பின்னால் நின்றவர்களிடம், "காலி டிஸ்கு கெடச்சிடுச்சாம்பா," என்று சத்தமாகச் சொன்னான். அங்கே யாரோ கை தட்டினார்கள். பிறகு நிறையப் பேர் கை தட்டினார்கள்.